புகையை விடுவோம், நட்பை விட மாட்டோம்

(வளர்கல்வி மையம் ஒன்றில் மாலை நேரத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைய பேச்சு பீடி, சிகரெட் பற்றியது. இதைக் கேட்டதும் சிலருக்கு எழுந்து போகத் தோன்றும். "மறுபடியும் அறிவுரையா?" என்று முணுமுணுக்கத் தோன்றும். கொஞ்சம் உட்காருங்கள். பீடி பிடிப்பவரைத் திட்டுவதற்காக இந்தப் பேச்சு இல்லை. அவர் நம் அண்ணன். நம் மாமா. நம் வீட்டுக்காரர். நம் பிள்ளை. அவரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. பீடி கெடுதல் என்று யாருக்காவது தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். பீடி பிடிப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காலையில் எழுந்ததும் இருமுவது அவர்தானே! தெரிந்தும் ஏன் பிடிக்கிறார்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் பீடியைக் கொடுத்தது யார்?

நம் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பெட்டிக்கடை இருக்கும். பல கடைகளில் ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் நெருப்புக் கனிந்துகொண்டே இருக்கும். வருகிறவர் அதில் பீடியைப் பற்ற வைப்பார். அங்கேயே நிற்பார். இன்னொருவர் வருவார். பேச்சு தொடங்கும். வேலை பற்றிப் பேசுவார்கள். மழை பற்றிப் பேசுவார்கள். வீட்டுக் கவலையும் வெளியே வரும்.

இப்போது நாகபுரியில் ஒரு கட்டட வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீகாரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். சத்தீஸ்கரிலிருந்து வந்திருக்கிறார்கள். சேலம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்திருக்கிறார். அவருக்கு வயது 48. அவரிடம் கையாளாக ஓர் இளைஞன் புதிதாகச் சேர்கிறான். தருமபுரிப் பையன். வயது 19. இந்தி தெரியாது. ஆள் பழக்கம் இல்லை. தேநீர் நேரத்தில் தனியாக மணல் குவியலில் உட்கார்ந்திருக்கிறான்.

மேஸ்திரி அவனைக் கூப்பிடுகிறார்.

"ஏன்டா தம்பி தனியா உட்கார்ந்திருக்கே? இங்க வா. இந்தா, ஒண்ணு இழு."

"பழக்கம் இல்லீங்க மாமா."

"பொறந்தப்பவே யாருக்கு இருந்துச்சு? இழுடா!"

அவன் இழுக்கிறான். இருமுகிறான். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒருவர் அவன் முதுகில் தட்டுகிறார். அன்று முதல் அவன் தனி ஆள் இல்லை. கூட்டத்தில் ஒருவன்.

பீடியின் சுவை அவனுக்குப் பிடித்ததா? இல்லை. முதல் பீடி யாருக்கும் பிடிப்பதில்லை. தொண்டை எரியும். தலை சுற்றும். அவனுக்குப் பிடித்தது நீட்டிய கை. அந்தக் கைக்குப் பின்னால் இருந்த நட்பு. மொழி தெரியாத ஊரில் பீடியே பேச்சாக இருந்தது.

பீடியின் பலம் இதுதான். அது தனியாக வருவதில்லை. நட்பின் தோளில் ஏறி வருகிறது.

காந்தியடிகள் சொன்ன கதை

காந்தியடிகள் சிறுவராக இருந்தபோது நடந்ததைத் தம் 'சத்திய சோதனை' நூலில் எழுதியிருக்கிறார். அவருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கும் புகை பிடிக்க ஆசை வந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் புகைப்பதை இருவரும் பார்த்திருந்தார்கள். அவரைப் போலப் புகை விட வேண்டும் என்று நினைத்தார்கள். கையில் காசு இல்லை. பெரியவர் எறிந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள். அது போதவில்லை. வேலைக்காரரின் சில்லறைக் காசைத் திருடினார்கள். ஒரு செடியின் தண்டைக்கூடப் புகைத்துப் பார்த்தார்கள்.

பெரியவர்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய முடியவில்லையே என்று மனம் வெறுத்தார்கள். உயிரையே விடலாம் என்று ஊமத்தை விதையைத் தேடிப் போனார்கள். நல்ல வேளை, துணிவு வரவில்லை. அத்தோடு புகைப்பதையும் விட்டார்கள். திருடுவதையும் விட்டார்கள்.

அந்தச் சிறுவர்களுக்குப் புகையிலை தேவைப்படவில்லை. பெரியவர்களாகத் தோன்ற வேண்டும், அதுதான் தேவைப்பட்டது. இன்று பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று புகைக்கும் பையனுக்கும் அதே ஆசைதான்.

ஆசையைத் தூண்டியவர்கள்

புகையிலை நம் மண்ணில் பிறந்த செடி இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள். அக்பரின் கடைசிக் காலத்தில் அரண்மனைக்கே வந்துவிட்டது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை போட்டார். அந்தத் தடை நிற்கவில்லை.

பிறகு கம்பெனிகள் வந்தன. விளம்பரம் வந்தது. சிகரெட் பிடிப்பவன் வீரன், பணக்காரன், படித்தவன் என்று படம் காட்டினார்கள். திரைப்படத்தில் கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டில் பிடித்தான். கொட்டகையில் விசில் பறந்தது. 1996இல் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டிக்கே ஒரு சிகரெட்டின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஓடி ஆடும் விளையாட்டுக்கும் மூச்சைக் குறைக்கும் சிகரெட்டுக்கும் என்ன உறவு? யோசித்துப் பாருங்கள்.

2004 மே மாதம் முதல் இத்தகைய விளம்பரங்களைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் மனத்தில் பதிந்த படம் லேசில் அழியாது. "ஆம்பளைன்னா சிகரெட் பிடிக்கணும்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது.

இந்தப் பேச்சு உண்மையா? 2016-17இல் இந்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100 பேருக்கு 19 பேர்தான் புகைத்தார்கள். மீதி 81 பேர் புகைக்கவில்லை. அந்த 81 பேரும் ஆண்கள் இல்லையா? இன்னொன்றும் கேளுங்கள். புகை இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அதனால் ஆண்மைக் குறைவும் வருகிறது. ஆண்மைக்கு அடையாளம் என்று பிடித்தது ஆண்மையையே குறைக்கிறது.

பெண்களுக்குள்ளும் இப்படித்தான் பழக்கம் பரவியது. ஆந்திரத்தின் வடக்குக் கடலோரத்தில் சில பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். பிற பெண்களைப் பார்த்துப் பழகியதுதான். அந்தச் சூட்டாலும் புகையாலும் வாயின் மேல் அண்ணத்தில் புற்றுநோய் வருகிறது.

புகைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு சிகரெட்டின் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. எல்லாவற்றையும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்றை மட்டும் தெரிந்துகொள்வோம்.

ஒன்று, நிகோடின். இதுதான் கட்டிப் போடும் கயிறு. இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். ஒரு சுகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது குறையும். குறைந்ததும் மனம் பரபரக்கும்.  கோபம் வரும். மறுபடியும் இழுத்தால் அடங்கும். "பீடி பிடித்தால் கவலை தீருது" என்கிறோமே, அந்தப் பரபரப்பு அடங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதைக் கொண்டுவந்ததே முந்தைய பீடிதான். செருப்பில் கல்லைப் போட்டுக்கொண்டு நடப்பது, பிறகு அதை எடுத்துவிட்டு "அப்பாடா" என்பது, இது போலத்தான்.

இரண்டு, தார். இது கறுப்புப் பிசின். நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். நம் மூச்சுக் குழாயில் மெல்லிய மயிர் போன்ற இழைகள் உண்டு. தூசியையும் சளியையும் அவைதான் வெளியே தள்ளும். புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால்தான் சளி தேங்குகிறது. இருமல் வருகிறது.

மூன்று, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நல்ல காற்றைச் சுமக்க வேண்டிய இரத்தம் இந்த வாயுவைச் சுமக்கத் தொடங்கிவிடும். நெஞ்சு கூடுதலாக வேலை செய்ய வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"சிகரெட்தான் கெடுதல், பீடி இலைதானே" என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் சிகரெட்டைவிட அதிகமாகவே நச்சு உள்ளே போகிறது. "பஞ்சு வைத்த சிகரெட் நல்லது" என்பதும் தவறு. பஞ்சு நஞ்சைத் தடுப்பதில்லை.

2008இல் இந்தியா முழுவதற்கும் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பீடி பிடிக்கும் ஆண்களுக்கு ஆயுளில் சுமார் 6 ஆண்டுகள் குறைகின்றன. சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குச் சுமார் 10 ஆண்டுகள் குறைகின்றன. பீடி பிடிக்கும் பெண்களுக்குச் சுமார் 8 ஆண்டுகள் குறைகின்றன. பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டிய ஆண்டுகள் அவை.

மேஸ்திரியின் இருமல்

நாகபுரி மேஸ்திரிக்குத் திரும்புவோம். அவருக்கு இருமல் வந்தது. "பீடி இருமல்தான்" என்று விட்டுவிட்டார். மூன்று மாதம் போனது. உடம்பு இளைத்தது. மாலையில் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் சளியோடு இரத்தம் வந்தது. அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

புகைக்கும் காசநோய்க்கும் நெருங்கிய உறவு உண்டு. இதைத் தெளிவாகக் காட்டியது நம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. 2003இல் வெளியானது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த ஆயிரக்கணக்கான ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயால் இறக்கும் ஆபத்து சுமார் 4 மடங்கு என்று தெரிந்தது. கிருமி பலர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். புகை நுரையீரலின் காவலைக் குலைத்து அதை எழுப்பிவிடுகிறது.

மேஸ்திரியைப் பார்க்க அந்த இளைஞன் வந்தான். இப்போது அவனுக்கு வயது 23. நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பான். வெறுங்கையோடு வர அவனுக்கு மனம் இல்லை. நான்கு வாழைப்பழம் வாங்கி வந்தான். சட்டைப் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தான்.

"நர்ஸம்மா பார்க்காம வச்சுக்குங்க மாமா. உங்க பீடிதான்."

மேஸ்திரி அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இளைஞன் லேசாக இருமினான். அந்த இருமலைக் கேட்டதும் மேஸ்திரியின் முகம் மாறியது.

"இந்த இருமல் உனக்கு எப்ப இருந்து?"

"அது கெடக்குது மாமா. பீடி இருமல்தான்."

"நானும் அப்படித்தான்டா சொன்னேன்" என்றார் மேஸ்திரி. "மணல் மேல தனியா உட்கார்ந்திருந்த புள்ளை நீ. ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். பீடியக் கொடுத்துட்டேன்."

அன்று மேஸ்திரி இரண்டு வேலை செய்தார். பீடிக்கட்டைத் திருப்பிக் கொடுத்தார். பையனை அன்றே சளிச் சோதனைக்கு அனுப்பினார். பையனுக்குக் காசநோய் இல்லை. நேரத்தோடு வந்ததால் அவனுக்கு நல்ல காலம்.

நண்பர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் காசநோய் குணமாகும். மருந்து சாப்பிடும்போது புகைக்கக் கூடாது.

வீட்டுக்குள் வரும் புகை

பிடிப்பவர் ஒருவர். ஆனால் புகை வீடு முழுவதும் போகிறது. கர்ப்பிணிப் பெண் அந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கலாம். குழந்தைகளுக்கு நிமோனியா, ஆஸ்துமா போன்ற தொல்லைகள் கூடும். 2016-17 கணக்கெடுப்பின்படி, 100 பேரில் 38 பேருக்கு மேல் தங்கள் வீட்டிலேயே பிறர் விடும் புகையைச் சுவாசித்தார்கள். ஓர் அறை உள்ள வீட்டில் சன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது.

நோட்டை எடுங்கள், கணக்குப் போடுவோம்

நமக்குத்தான் இப்போது எழுத்தும் கணக்கும் தெரியுமே! ஒருவர் ஒரு நாளைக்குப் புகைக்க 30 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாதத்துக்கு: 30 x 30 = 900 ரூபாய்.
ஓர் ஆண்டுக்கு: 30 x 365 = 10,950 ரூபாய்.

இந்தப் பணத்தில் உங்கள் வீட்டுக்கு என்ன வாங்கலாம்? நீங்களே எழுதிப் பாருங்கள். இதில் மருத்துவச் செலவைச் சேர்க்கவில்லை. வேலைக்குப் போகாமல் படுத்த நாட்களின் கூலியையும் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு சிகரெட் பெட்டியையோ பீடிக்கட்டையோ எடுத்துப் படியுங்கள். முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் விதி. விற்பவரே விஷம் என்று எழுதி விற்கும் பொருள் அது.

விடுவது எப்படி?

மேஸ்திரி குணமாகி வேலைக்கு வந்தார். தேநீர் நேரம் வந்தது. மணி அடித்ததும் எல்லோர் கையும் பைக்குள் போனது. அவருடைய கையும் தானாகப் போனது. பை காலி. அவர் எழுந்து போய்த் தனியாக உட்கார்ந்தார். நான்கு ஆண்டுக்கு முன் பையன் உட்கார்ந்த அதே நிலை!

பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். தன் பீடியைக் காலில் போட்டு மிதித்தான். கடைக்குப் போய் இரண்டு பொட்டலம் வறுத்த கடலை வாங்கி வந்தான். மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை நீட்டினான்.

இருவரும் சேர்ந்து விட்டார்கள். எளிதாக இல்லை. முதல் மூன்று நாள் பையனுக்குத் தூக்கம் வரவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். பத்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டான். "போச்சு மாமா, என்னால முடியாது" என்றான். "தடுக்கி விழுந்தா எழுந்து நடக்கிறதில்லையா? மறுபடியும் இன்னைலேர்ந்து எண்ணு" என்றார் மேஸ்திரி.

விட நினைப்பவர்களுக்குச் சில வழிகள்:

ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

தனியாக விடாதீர்கள். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசை எழுந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் அதற்குள் அது தணிந்துவிடும். தண்ணீர் குடியுங்கள். சோம்பு, கிராம்பு, கடலை மெல்லுங்கள். பீடிக்குப் பதிலாகப் பான் மசாலா, கைனி, குட்கா பக்கம் போகாதீர்கள். அவையும் ஆபத்துதான்.

முதல் சில வாரம்தான் கடினம். வீட்டில் உள்ளவர்கள் அவருடைய கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். "எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?" என்று குத்திக் காட்டாதீர்கள்.

முடியவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். பழக்கத்தை விட உதவும் மருந்துகள் உண்டு. 1800-11-2356 என்ற எண்ணுக்கு இலவசமாகத் தொலைபேசி செய்யலாம். இது மத்திய அரசின் உதவி எண்.

"இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன பயன்?" என்று கேட்காதீர்கள். விட்ட 20 நிமிடத்தில் நாடித் துடிப்புக் குறையத் தொடங்கும். 12 மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள நச்சு வாயு வழக்கமான அளவுக்கு இறங்கும். ஓர் ஆண்டில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்துப் பாதியாகும். பத்து ஆண்டில், புகைப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் ஏறத்தாழப் பாதியாகும். நாற்பது வயதுக்குள் விட்டால் இழக்க இருந்த ஆயுளில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். எந்த வயதில் விட்டாலும் இலாபம்தான்.

சட்டம் நம் பக்கம்

பொது இடத்தில் புகைப்பதை 1999இல் கேரள உயர் நீதிமன்றம் தடை செய்தது. 2003இல் நாடு முழுவதற்கும் புகையிலைச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், பொது இடத் தடை விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. பேருந்து, மருத்துவமனை, அலுவலகம் ஆகியவற்றில் புகைக்கக் கூடாது. அந்த மத்தியச் சட்டப்படி 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் கடை வைத்து விற்கக் கூடாது. இதைவிடக் கடுமையான விதியை மாநிலங்கள் வைக்கலாம். பேருந்தில் ஒருவர் புகைத்தால், "அண்ணே, குழந்தை இருக்கு, அணைச்சிடுங்க" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அன்பு நண்பர்களே! சட்டம் பேருந்தில் தடுக்கும். மணல் குவியலுக்குப் பக்கத்தில் தடுக்குமா? அங்கே நாம்தான் தடுக்க வேண்டும். நாளைக்கு உங்கள் வேலை இடத்துக்கும் ஒரு புதுப் பையன் வருவான். தனியாக உட்கார்ந்திருப்பான். அவனைக் கூப்பிடுங்கள். கையை நீட்டுங்கள். அந்தக் கையில் பீடி வேண்டாம். ஒரு குவளைத் தேநீர் இருக்கட்டும். ஒரு பிடி கடலை இருக்கட்டும்.